அவரவர் பன்னிரண்டு மணி

“உன் கடிகாரம் வாஷிங்டன் பேச்சைக் கேக்குது, வெர்னா. என் கடிகாரம் என் பேச்சை மட்டும்தான் கேக்கும்.”

“அப்போ நம்ம கல்யாணத்துக்கு நான் யார் கடிகாரத்தைப் பாத்துட்டு வரணும்?”

“உன் இஷ்டம். அதுக்குப் பேருதான் சுதந்திரம்.”

மனித குல வரலாற்றையே திருப்பிப் போட்ட இந்த உரையாடல் 1974 ஜனவரியில், ஐடஹோவில் ஒரு சின்ன ஊர்த் தபாலாபீஸ் ஜன்னலில் நடந்தது. உள்ளே இருந்தவள் போஸ்ட்மாஸ்டர் வெர்னா. வெளியே நின்றவன் அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற உருளைக்கிழங்கு விவசாயி ஆர்வில். மார்ச்சில், கல்யாணத்தன்று டை கட்டும்போதும் அதைப் பெருமையோடு நினைத்துக்கொண்டான்.

எரிபொருளை மிச்சம் பிடிக்க, நாட்டின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளச் சொல்லியிருந்தது அரசாங்கம். இன்று மணியில் கை வைப்பவன் நாளை மாட்டில் கை வைப்பான் என்று உணர்ந்த ஆர்வில், ‘தன்னேரக் கழகம்’ கண்டான். அவரவர் நேரம் அவரவர் சொத்து. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஆறு மணிக் கூட்டத்துக்கு எல்லோரும் மிகச் சரியாக அவரவர் ஆறு மணிக்கு வந்ததால், வாக்கெடுப்பு காலையில் தொடங்கி இருட்டிய பிறகு முடிந்தது. எதிர்த்துப் பேச வந்தவருக்குக் காலி நாற்காலிகள்தான் கிடைத்தன.

அரசாங்கமும் லேசுப்பட்டதல்ல. தபாலாபீஸ் கடிகாரம் நாலேகால் மணியில் நின்றுபோக, வெர்னா ஒரு பேட்டரி கேட்டு எழுதினாள். ‘மத்தியக் கடிகாரப் பராமரிப்புத் துறை’ உடனே பதில் போட்டது: அந்தக் கடிகாரம் தானாகவே ஓடிச் சரியாகப் பத்து மணி காட்டும்போது ஆய்வாளர் வருவார். அதுவரை, ரேடியோவைக் கேட்டு அவ்வப்போது முள்ளைத் தள்ளிவிட்டாள் வெர்னா. நாட்டின் நேரம் அவள் சுண்டுவிரலில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆர்வில் அந்த வாரமே ஒரு பேட்டரி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். கொடுக்கத்தான் மனம் வரவில்லை. கொடுத்தால், அது தானாக முன்வந்து கட்டும் வரி.

கல்யாணம் பகல் பன்னிரண்டுக்கு. ஆர்விலின் பன்னிரண்டுக்கு அவன் சர்ச்சுக்குள் நுழைந்தபோது அங்கே பாதி கேக் மட்டும் இருந்தது. தபாலாபீசுக்கு ஓடினான். வெர்னா கல்யாண முக்காட்டோடு தபால்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

“எனக்காகக் கொஞ்சம் நிக்கக் கூடாதா, வெர்னா?”

“நின்னேனே. ரேடியோ பன்னிரண்டுலேந்து கால் மரத்துப்போற வரைக்கும் நின்னேன். பசிச்சுது, கேக்கைத் தின்னேன். அப்புறம் மெயில் வண்டி வந்துடுச்சு.”

“பாஸ்டர் எங்க?”

“அவரோட பன்னிரண்டு காலையிலயே முடிஞ்சிடுச்சாம். ஏரியில ஐஸை உடைச்சு மீன் பிடிக்கிறார்.”

“மாப்பிள்ளைத் தோழன்?”

“உங்க கழகச் செயலாளர்தானே? அவருக்கு இன்னும் விடியல.”

“சரி விடு. நாளைக்கு வெச்சுக்கலாம்.”

“யாரோட நாளைக்கு, ஆர்வில்?”

அவள் எழுந்துபோய், சுண்டுவிரலால் முள்ளைக் கொஞ்சம் தள்ளினாள். திரும்பாமலே முக்காட்டை அவிழ்க்கத் தொடங்கினாள்.

ஆர்வில் அவசரமாகப் பையைத் துழாவிப் பேட்டரியை ஜன்னல் பலகையில் வைத்தான்.

“இதைப் போடும்மா. போட்டுட்டு... எங்க எல்லாருக்கும் சேத்து, மணி என்னன்னு நீயே சொல்லிடேன்.”