ஈக்களுக்கு வந்த ஆடி

வடமாலபேட்டை,
பக்கத்து வீட்டில் சிராவணம் என்கிறார்கள், நமக்கு இன்னும் ஆடிதான்.

அன்புக்குரிய மைத்துனன் ரகுவுக்கு, உன் மாமா கன்னையா ஆசியுடன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா தாட்சாயணியும் சௌக்கியம். பிரமிளாவின் ஈக்களும் சௌக்கியம். அவை அளவுக்கு மீறிச் சௌக்கியமாக இருப்பதால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் உன் அக்கா ஸ்பீக்கரில் போடாமல் பேச விடுவதில்லை, இதில் அவள் பெயரும் வருகிறது. அதனால் ஸ்ரீசிட்டியில் உன் கம்பெனிக்கே வேலைக்கு வருகிற நம் தெரு சலீம் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அக்கா மகள் பிரமிளா திருப்பதியில் செய்கிற ஆராய்ச்சி, உடம்பில் உள்ள செல்கள் ஒன்றையொன்று எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்பதைப் பற்றியது. அதை ஏன் வாழைப்பழத்தில் மொய்க்கிற பொடி ஈயிடம் போய்க் கேட்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். ஈயின் இறக்கை இரண்டு அடுக்காம், செல்களின் பிடியால்தான் இரண்டும் ஒட்டி நிற்கிறதாம், அந்தப் பிடிக்கான ஜீன் கெட்டால் இறக்கை பூரி மாதிரி உப்பிப் போகுமாம். அப்படி உப்பின ஈக்களை வருஷக்கணக்கில் வம்சம் வம்சமாக வளர்த்து வருகிறாள். எது யாருக்குப் பிறந்தது என்று எழுதி வைக்காத ஈ ஒன்றுகூடக் கிடையாது. நாம் சம்பந்தம் பேசும்போதுகூட அவ்வளவு விசாரிப்பதில்லை. ஆடி பிறந்த கையோடு ஜெர்மனிக்குக் கருத்தரங்குக்குக் கிளம்பினவள், லேபில் கரண்டை நம்ப முடியாது, ஈக்களுக்குச் சூடு ஆகாது என்று இரண்டு கண்ணாடிக் குழாய்களை என்னிடம் கொடுத்தாள். ஒன்றில் ஜோடி சேராத பெண் ஈக்கள், மற்றதில் ஆண்கள், வாயில் பஞ்சு அடைப்பு. "நான் வர்ற வரைக்கும் ரெண்டையும் சேத்துடாத நைனா. சேந்துச்சின்னா எந்தக் குட்டி யாருதுன்னு தெரியாது, என் தீசிஸ் ஒரு வருஷம் பின்னாடி பூடும்" என்றாள். தீசிஸ் முடிந்த பிறகுதான் கல்யாணம் என்கிற அவள் சட்டம் உனக்குத் தெரியும். ஆக அந்தப் பஞ்சை நம்பித்தான் நம் வீட்டுக் கல்யாணமே இருந்தது.

வரப்போகிற மாப்பிள்ளைக்காக மாட்டி, நாங்கள்கூடப் போடாமல் வைத்திருந்த ஏசி அறையில் ஈக்கள் குடியேறின. "ஈய ஏசில வச்சிட்டு என்ன ஹால்ல படுக்க வைக்கிறீங்களே" என்று முதல் நாள் உன் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு அவளே மக்காச்சோள மாவும் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு, பிரமிளா சொன்ன பதத்தில் களி கிண்ட ஆரம்பித்தாள். "பாவம், வெறுங்களியா துன்னுதுங்க" என்று ஏலக்காய் தூவப் போனவளின் கையைப் பிடித்துத் தடுத்தேன். இந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார ரத்னம்மா வந்து, ஆணையும் பெண்ணையும் ஏன் பிரித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். பெண் ஈ பிறந்த நாளே ஜோடி தேடிக்கொள்ளும், அதனால்தான் இந்தக் காவல் என்று ஒரு பெண்பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? அதுவும் அவர்கள் ஆடியான ஆஷாடத்துக்கென்று புதிதாகக் கல்யாணமான மகளைப் புருஷனிடமிருந்து அழைத்து வந்து வைத்திருக்கிறவளிடம். "இன்னாம்மா பண்றது, ஆடி மாசம். அதுங்களுக்கும் அதான்" என்று சொல்லிச் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை, பொறுப்பாகத் தலையாட்டினாள். அங்கே பிடித்தது சனி.

நாம் சூரியனைப் பார்த்து மாதம் எண்ணுகிறோம், அவர்கள் சந்திரனைப் பார்த்து எண்ணுகிறார்கள். நமக்கு ஆடி பிறந்து நன்றாகக் கால் ஊன்றுவதற்குள், அமாவாசையோடு அவர்களுக்கு ஆஷாடம் முடிந்துபோயிற்று. மறுநாள் வெள்ளிக்கிழமை, சிராவணம் பிறந்தது, ரத்னம்மாவின் மருமகன் பைக்கில் வந்து மகளை அழைத்துப் போனான். அந்தச் சந்தோஷத்தோடு பொங்கல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்குள் வந்திருக்கிறாள். நானோ ஏசி நின்று நின்று ஓடுகிறதென்று கரண்டு ஆபீசில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால், இரண்டு குழாயும் வாயோடு வாய் வைத்துச் சேர்த்து ஒட்டப்பட்டிருக்கிறது, மேலே குங்குமம், சுற்றிலும் ஒரு முழம் மல்லி. "ஆஷாடம் அயிபோயிந்தி கதா அண்ணா, முடிஞ்சிபோச்சே, இன்னும் எதுக்கு பிரிச்சி வச்சிக்கினு கீறீங்க?" என்கிறாள் ரத்னம்மா. "எங்களுக்கு ஆடி முடியலம்மா" என்று நான் தலையில் அடித்துக்கொள்ள, குழாயை ஒட்டின பிளாஸ்திரிச் சுருளைக் கையில் பிடித்தபடி உன் அக்கா குறுக்கே வந்து, "ஈ தமிழா தெலுங்கான்னு உங்க பொண்ணு எழுதி வச்சிட்டுப் போனாளா?" என்று கேட்டாள்.

திரும்பப் பிரிக்கலாம் என்றால் எது ஆண் எது பெண் என்று என் கண்ணாடிக்குத் தெரியவில்லை. தெரிந்துதான் என்ன, இப்போது களியில் புழுக்கள் நெளிகின்றன. பேரப்பிள்ளை பார்க்க ஆசைப்பட்டவன்தான் நான், ஆனால் இப்படி அல்ல. புதிதாய்ப் பிறந்த ஈயைப் பிரிக்க வேண்டுமென்று விடிவதற்கு முன்பே பஸ் பிடித்து ஓடின பெண் அவள். தீபாவளிக்குக்கூட எண்ணெய் வைத்த தலையோடு லேபுக்குப் போனாள். அந்த உழைப்பை நான் ஒரு அசட்டுச் சிரிப்பில் கெடுத்துவிட்டேன். ஆவணியில் பேசலாம் என்று சொல்லி வைத்திருந்த கல்யாணத் தரகர் ரங்கையாவுக்கும் இனி என்ன பதில் சொல்வேன்? சென்னை ஏர்போர்ட்டுக்கு நீதான் போகப்போகிறாய். ஊத்துக்கோட்டையில் டிபன் வாங்கிக் கொடுத்து, வயிறு நிறைந்த பிறகு விஷயத்தைச் சொல். தாய்மாமன் சொன்னால் கொஞ்சமாவது தணிந்து வருவாள்.

உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஆசிகள். ஏழுமலையான் உங்களை எல்லா ஆபத்திலிருந்தும் காக்கட்டும், என்னைப் பிரமிளாவிடமிருந்து காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
கன்னையா

பி.கு.: சலீம் வருவதற்குள் பிரமிளாவே வீடியோ காலில் வந்துவிட்டாள். குங்குமம் வைத்த குழாயை ரத்னம்மா வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறாள். திட்டு விழும் என்று நின்றால், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். "பயப்படாத நைனா, அது உபரி. நெஜ ஈயெல்லாம் லேப்லயே பத்திரமா கீது, ஜெனரேட்டர் கீது" என்றாள். அப்படியானால் எனக்கு எதற்கம்மா கொடுத்தாய் என்றேன். "நான் ஊர்ல இல்லன்னா நீ ரங்கையாவ கூப்ட்டு ஜாதகத்த குடுத்துடுவ. கைல வேல இருந்தா சும்மா இருப்பல்ல" என்றாள். யோசித்துப் பார்க்கிறேன், குழாய்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து ரங்கையாவுக்கு நான் ஒரு போன்கூடச் செய்யவில்லை. ஒட்டுவதைப் பற்றிப் படிக்கிறவள், என்னைக் குழாயோடு ஒட்ட வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு. குழாயைக் கொட்டிவிடச் சொன்னாள்; எனக்கு மனசு வரவில்லை, உன் அக்காவோ குட்டிகளுக்குக் களி கிண்டிக்கொண்டிருக்கிறாள். நீ வரும்போது மக்காச்சோள மாவு வாங்கி வா. வழியில் ரங்கையா கண்ணில் பட்டால், ஆவணி பிறக்கட்டும் பார்க்கலாம் என்று சொல். எந்த வருஷத்து ஆவணி, எந்தப் பஞ்சாங்கத்து ஆவணி என்று மட்டும் சொல்லிவிடாதே.