கிரேவி பட்லரின் இரும்புச் சட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயம்புத்தூர் ஜில்லாவுக்கென்று கடவுள் அளந்த பொறுமை மொத்தத்தையும் கிரேவி பட்லர் ஒருவரே வாங்கி வைத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு மிச்சம் வைக்கவில்லை. அந்தப் பொறுமையும் கறிச்சட்டியிடம் மட்டும்தான். மனிதர்களிடம் வீசம் கூடக் கிடையாது.

துடியலூர் ரோட்டில் எங்கள் மில் லைனில் அடுத்த வீடு அவருடையது. ஒண்டிக்கட்டை. அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். சர்ச் ரிஜிஸ்டரைப் புரட்டினால் கிடைக்கும். யார் புரட்டினார்கள்? மில்லுக்கு மெஷின் பூட்ட வந்த அமெரிக்கா துரை ஒருவரிடம் பட்லராக இருந்தவர். துரைக்கு அமெரிக்காவின் தென்கோடியில், சதுப்பு நிலத்துப் பக்கம் ஊராம். அங்குள்ளவர்களைக் கேஜன் ஜனங்கள் என்பார்களாம். நம்மைப் போலவே காரம் தின்கிறவர்கள். துரை கப்பலேறும்போது தன் கனத்த இரும்புச் சட்டியையும், தன் அம்மா செய்கிற பாட் ரோஸ்ட் என்ற முழுக்கறிப் பக்குவத்தையும் பட்லரிடம் விட்டுவிட்டுப் போனார். ஞாயிறுதோறும் எங்கள் லைன் பட்ட பாட்டுக்கு அந்தத் துரைதான் ஜவாப்தாரி.

முழு ஆட்டுத் தொடையைக் கத்தியால் குத்திக் குத்தி, ஓட்டை ஓட்டையாகப் பூண்டும் மிளகும் திணிப்பார். மிளகாய்த்தூளும் உப்பும் போட்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போலத் தேய்ப்பார். நெய்யில் நாலு பக்கமும் சிவக்கவிட்டு எடுத்து வைத்துவிட்டு, அதே நெய்யில் கோதுமை மாவைக் கொட்டிக் கிளறுவார். அதுதான் கிரேவிக்கு அஸ்திவாரம். மாவு பழம்புளி நிறத்துக்கு வரும்வரை கரண்டி நிற்கக் கூடாது. அவரும் திரும்பமாட்டார்.

ஒரு தடவை எதிர்வீட்டு வைக்கோல் போரில் தீப்பிடித்துவிட்டது. "பட்லரே, ஒரு கொடம் தண்ணி கொண்டாங்க!" என்று லைனே கத்துகிறது.

"செத்த இருங்க சாமி, மாவு இன்னும் செவக்கலீங்க."

நாங்கள் தீயை அணைத்து, கரியைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது குடத்தோடு ஓடி வந்தார். "எங்கீங்க தீ?"

அதற்கப்புறம் வெங்காயம், குடமிளகாய், ஊட்டி ரயிலில் வரும் ஏதோ ஒரு வாசனைத் தழை, தண்ணீர், கடைசியாகக் கறி. மூடி போட்டு மூடிமேலும் கங்கு வைத்தால் நாலு மணி நேரம். நடுவில் திறக்கவே கூடாது. என் அம்மா ஒரு நாள் ஆசைப்பட்டு மூடியை ஒரு விரல்கடை தூக்கிவிட்டாள். வந்ததே கோபம்!

"ஏனுங் அம்மணி, தூங்கற கொழந்தையத் தட்டி எழுப்பி, தூங்குதான்னு கேப்பீங்களா?"

ஒரு மாதம் பேசவில்லை. அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. புகை வருகிறது, கங்கு பறக்கிறது என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அவரை வறுத்தெடுப்பாள். இரண்டு அடுப்புக்கும் நடுவில் ஒரே ஒரு குட்டைச் சுவர். அதனால் எதுவும் வீணாவதில்லை.

இந்த லட்சணத்தில் எனக்கு வரன் பார்த்தார்கள். இரண்டு இடம் வந்து திரும்பிவிட்டது. காரணம் நானில்லை. அம்மா ஒற்றைப் பிள்ளை. கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது. "தாய்மாமன் இல்லாத ஊட்டுல எப்பிடீங்க பொண்ணெடுக்கறது? நாளைக்கு ஒண்ணுன்னா கேக்க ஆளு வேணுமல்லங்க?" என்று சொல்லி, பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

மூன்றாவது வரன் பொள்ளாச்சி. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். கிறிஸ்துமஸுக்கு எங்கள் சர்ச்சுக்கு வந்து, ராகம் தப்பினாலும் கவலைப்படாமல் முழு மனதோடு பாடியவர். எனக்குப் பிடித்துப்போய்விட்டது. முந்தின இரண்டும் போனபோது நான் நன்றாகத்தான் தூங்கினேன். இதுவும் போய்விடுமோ என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்து ஜெபம் பண்ணினேன்.

அவர்கள் வரும் நாள் ஞாயிறு. அப்பா காலையிலேயே பட்லரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்தச் சட்டிய எறக்கி வெச்சுருங்க. சம்பந்தகாரங்க வாராங்க."

"நேத்தே சொல்லோணுமுங்க. தொடையில பூண்டு ஏத்திப்போட்டேன். இனி நானே நெனச்சாலும் நிறுத்த முடியாதுங்க."

பதினொரு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கொப்பரை வியாபாரி, வாட்டசாட்டமான ஆள். அம்மா வைத்த பழத்தையும் பலகாரத்தையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "முடிவாகாம பொண்ணு ஊட்டுல கை நனைக்கற வழக்கம் இல்லீங்க" என்றார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நான் பயந்த இடத்துக்கே நேராக வந்தார்.

"பொண்ணுக்குத் தாய்மாமன்..."

அப்போதுதான் சுவர் தாண்டி அந்த வாசம் வந்தது.

"...தாய்மாமன்னு யாராவது... அதென்னங்க வாசம்?"

அப்பா நெளிந்தார். பொள்ளாச்சிக்காரர் மூன்று தடவை தாய்மாமனைத் தொடங்கி, மூன்று தடவையும் மூக்கோடு போய்விட்டார். நாலாவது தடவை எழுந்தேவிட்டார். "ஏனுங்க, கை நனைக்கக் கூடாதுங்க!" என்று அவர் சம்சாரம் வேட்டியைப் பிடிக்காத குறை.

"பொண்ணு ஊட்டுலதான நனைக்கக் கூடாது? இது பக்கத்தூடு!"

தன் அடுப்படிக்கே வந்து நின்றவரைப் பட்லர் ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் அரை மணி ஆகுமுங்க. உக்காருங்க."

கொப்பரை மண்டியையே அதட்டி வேலை வாங்கும் மனிதர், கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் கைகட்டி உட்கார்ந்து அரை மணி நேரம் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அத்தனை பேரும் சுவரோரம் நின்று அவரைப் பார்த்தோம். மூடி திறந்தது. எலும்பை இரண்டு விரலால் தொட்டார் பட்லர். அது தானாகக் கழன்று வந்தது. சுடுசோற்றின்மேல் கறியும் கருஞ்சிவப்புக் கிரேவியும் விழுந்தன. பொள்ளாச்சிக்காரர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, விரலைச் சப்பிக்கொண்டே கேட்டார்: "ஆமாங்க, இந்தப் பொண்ணூட்டுக்கு நீங்க என்ன வேணும்?"

பட்லர் கரண்டியைத் துடைத்தார். அவசரமே இல்லை.

"நானுங்களா? பொண்ணுக்குத் தாய்மாமனுங்க."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். பத்து வருஷமாக அந்த மனிதரை வறுத்தவள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணா, அவருக்கு இன்னொரு கரண்டி ஊத்துங்க."

பொள்ளாச்சிக்காரர் தன் கையைப் பார்த்தார். முழங்கைவரை கிரேவி. "தாய்மாமன் ஊட்டுலயே கை நனைச்சாச்சு. இனி என்னத்தப் பேசறது? நாள் பாருங்க" என்றார்.

அது பொய்யென்று அவருக்கு அப்போதே தெரியுமாம். கல்யாணமாகி வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னார்: "ஒரு சட்டிக்கு நாலு மணி நேரம் காவல் இருக்கற மனுசன், ஒரு பொண்ணுக்குக் காவல் இருக்கமாட்டானா கண்ணு?"

கல்யாணத்தன்று பட்லர் கோட்டு மாட்டிக்கொண்டு தாய்மாமன் சீர் கொண்டு வந்தார். தட்டில் பட்டும் இல்லை, பொன்னும் இல்லை. இரண்டு ஆள் பிடித்துத் தூக்க வேண்டிய அந்த இரும்புச் சட்டி இருந்தது.

"இதையும் குடுத்துட்டா நீங்க எதுல சமைப்பீங்க?" என்று அழுதேன்.

"பொள்ளாச்சிக்குப் பஸ்ஸு இருக்குதல்ல கண்ணு" என்றார்.

சொன்னபடியே ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில், மடியில் ஆட்டுத் தொடையோடு வந்து இறங்குவார், அவருடைய கால் ஓயும்வரை.

அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இன்றைக்கும் அந்தச் சட்டி என் அடுப்பில்தான் இருக்கிறது. வாசம் வந்ததும் பிள்ளைகள் மூடியைத் தூக்கப் பறப்பார்கள். நான் விடுவதில்லை. என் தாய்மாமன் வைவார்.