முன்வரிசைக் கதிரை

ஹம்பேர்க்,
வியாழக்கிழமை

அன்புள்ள ஜெயமலர் அக்காவுக்கு,

தம்பி ஸ்ரீஸ்கந்தராஜா எழுதுவது. கொலோனில் நீங்களும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். இங்கும் எல்லோரும் சுகம், என்னைத் தவிர.

என் மகள், உங்கள் மருமகள் கம்சனா நாடகம் எழுதி நடிக்கிறாள் என்று சொன்னேனே. இந்த நாட்டு நாடகக்காரர் இதுவரை அவளுக்குக் கொடுத்ததெல்லாம் அகதி, துப்புரவுப் பெண், கட்டாயக் கலியாணத்துக்குத் தப்பி ஓடுகிறவள், இவ்வளவுதான். அதைப் பகிடி பண்ணித்தான் இந்த நாடகம். மூன்று காட்சி போட்டுப் பார்த்துவிட்டு, தொடர்வதா நிறுத்துவதா என்று அரங்க நிர்வாகம் முடிவு செய்யுமாம். முதல் நாள் என்னை முன்வரிசையில் ஒரு கரையில் இருத்தினாள்; எல்லோருக்கும் என் முகம் தெரியும். மேடையில் ஒரு வெள்ளைக்கார இயக்குநர், "உன் கண்ணில் போர் தெரியவில்லையே!" என்று அவளிடம் குறைப்படுகிறார். பிள்ளை பிறந்தது இங்கே ஹம்பேர்க்கில், அல்ரோனா ஆஸ்பத்திரியில்! சனம் சிரிக்கவில்லை அக்கா. இருநூறு வெள்ளைக்காரரும் அங்கிருந்த ஒரே தமிழனான என்னைப் பார்க்கிறார்கள், சிரிக்கலாமா என்று. எனக்கோ நாடகத்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் முகம் இறுகிவிட்டது. நான் சிரிக்காததால் அவர்களும் சிரிக்கவில்லை, அவர்கள் சிரிக்காததால் எனக்கு இன்னும் பயம்.

"அப்பா, நீங்கள் சிரிச்சால்தான் அவையும் சிரிப்பினம். நாளைக்கு ஒருக்கால் வாய் திறந்து சிரியுங்கோ."

"சும்மா எப்பிடிப் பிள்ளை சிரிக்கிறது? எனக்கு ஏலாது."

இரண்டாம் நாள் சிரித்தேன், பிழையான இடத்தில். அகதி விசாரணையில் தகப்பன் அதிகாரிக்குப் பதினேழு தரம் 'டாங்கே' என்று நன்றி சொல்லும் கட்டம். அது நான்தான் அக்கா, நான் சொன்னதுதான். பதட்டத்தில் ஒரு சிரிப்பு வெளியே வந்துவிட்டது. உடனே மண்டபம் முழுக்கக் கெக்கட்டமிட்டுச் சிரித்தது. கம்சனா வசனம் மறந்து நின்றாள். அவள் அழுதுகொண்டு எழுதிய இடம் அது. வெட்கத்தில் நான் நிறுத்தினேன், அவர்களும் நிறுத்தினார்கள்.

ஆகவே சனிக்கிழமை கடைசிக் காட்சிக்குக் கட்டாயம் வாருங்கள். நீங்கள் ஒரு கரையில், நான் மறுகரையில் இருந்தால், பார்க்கிறவர்களைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்லுங்கள். கடவுள் உங்கள் முழங்கால்களைக் காக்கட்டும்.

அன்புத் தம்பி
ஸ்ரீ

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமை வந்து போய்விட்டது. கம்சனா என் கதிரையைத் தூக்கி மேடையிலேயே போட்டுவிட்டாள், சனத்தைப் பார்த்தபடி. "சிரிக்க வேண்டாம் அப்பா. சும்மா அவையைப் பாருங்கோ, அதுவே காணும்." பார்த்தேன். அன்றைக்கு அந்த அதிகாரிக்கு முன்னால் நான் இருந்தது போலவே, கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி இருக்கிறார்கள். பாவமாகப் போய்ச் சிரித்துவிட்டேன். மண்டபமே சிரித்தது, கம்சனாவும்தான். இன்னும் பன்னிரண்டு காட்சி போடுகிறார்கள். வந்தால் பின்வரிசையில் இருங்கள். முன்னுக்கு இருந்தால் உங்களையும் நான் அந்த அதிகாரி மாதிரித்தான் பார்க்க வேண்டிவரும்.