எலுமிச்சம்பழ அளவு புளி

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் ஓரகத்தி விட்டுப்போனது. ஆறு பேரும் சேர்ந்து கொடுக்காத தொல்லையை இருபதே நாளில் கொடுத்த மனிதர் ஒருத்தர் உண்டு. புனே முழுக்கச் சலித்தாலும் அப்படி ஒரு கிறுக்கு கிடைக்காது. பெயர் என்னவோ, எல்லோருக்கும் அவர் டேப் சார். கடலில் மூழ்கிய கப்பலை அளக்கிறவர்.

புனேயில் ஏது கடல், ஏது கப்பல் என்று கேட்பீர்கள். கொங்கண் கரைப் பக்கம் கடலுக்கடியில் ஒரு பழைய கப்பல் கிடந்ததாம். அதை அளந்து, படம் போட்டு, எழுதிவைக்கக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் போவதாக இருந்தது. டேப் சார்தான் தலைமை. அந்தக் கப்பலுக்காகப் பல வருஷம் காத்திருந்தாராம். அதற்கு முன்னால் புனே பக்கத்துக் கடக்வாஸ்லா அணைத் தண்ணீரில் முங்கிப் பழகினார்கள். கல்யாணப் பாத்திரங்களோடு எந்தக் காலத்திலோ மூழ்கிய படகு ஒன்று அங்கே கிடந்தது. தொண்ணூறுகளின் கடைசி. நான் குடியிருந்த கசார்வாடியிலிருந்து என்னைச் சமைக்கக் கூப்பிட்டார்கள்.

சார் தூத்துக்குடிக்காரர். இடுப்பில் பெல்ட் இருக்குமோ இருக்காதோ, டேப் இருக்கும். எந்தப் பொருளும் கிடக்கிற இடத்திலேயே அளந்து வரையப்பட வேண்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்பதுதான் அவர் பாடம். தண்ணீருக்குள் அது சரி. கரையிலும் அப்படியே என்றால்? செருப்பு கவிழ்ந்து கிடந்தால், தரையில் அடித்துவைத்த இரண்டு ஆணியிலிருந்து டேப் பிடித்து, அது கிடக்கும் இடத்தை எழுதிவிட்டுத்தான் காலில் மாட்டுவார். நான் பருப்புக் குண்டானை நகர்த்தினால் அவர் முகம் வாடிவிடும். சப்பாத்தி போட்டால் குறுக்களவு எடுப்பார்.

"இன்னாத்துக்கு சார் அளக்கறீங்க? வட்டமா இல்லியா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"வட்டந்தாங்க்கா. நேத்தையவிட நாலு மில்லிமீட்டர் கொறவு. அதான்."

வந்த அன்றே, தமிழ் வாசிப்பீர்களா என்று என்னைக் கேட்டிருந்தார். நன்றாகவே வாசிப்பேன் என்றேன். பஸ் நம்பரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. ஆறு பேரைப் படிக்க வைத்தவள், எந்த வாயால் அதைச் சொல்வது?

மூன்று நாள் தண்ணீருக்குள் அளந்து முடித்து, தவலை மாதிரி ஒரு செப்பு ஹண்டாவை மேலே கொண்டுவந்தார்கள். அதை அப்படியே சேறோடு தண்ணீர்த் தொட்டியில் வைத்தார்கள். கழுத்தில் ஒரு சீட்டு. தோபி துணியில் கட்டுவானே, அதுபோல. மறுநாள் கல்லூரியின் பெரிய மேடம் வருகிறார். பாத்திரமோ பச்சை பிடித்துக் கிடக்கிறது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. சீட்டை அவிழ்த்து அடுப்பில் போட்டேன். சேற்றைக் கொட்டினேன். புளியும் உப்பும் வைத்துத் தேய்த்த தேய்ப்பில் ஹண்டா சூரியனாக மின்னியது. வெயிலில் கவிழ்த்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

மேடம் பார்த்தார். அந்தப் பச்சையையும் சேற்றையும் ஆராயத்தான் அவர் வந்ததே. சீட்டு கட்டியிருக்கவில்லையா என்று மராத்தியில் கேட்டார். நான் தலை நிமிர்ந்து, சீட்டே இல்லை என்றேன்.

டேப் சார் என்னைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பிறகு, தானே கட்ட மறந்துவிட்டதாக மேடத்திடம் சொன்னார். செருப்பை அளந்து மாட்டுகிறவர் மறந்தாராம். கப்பலுக்கு வேறு ஆள் தலைமை என்று மேடம் அங்கேயே சொல்லிவிட்டார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சார் நோட்டோடு வந்தார்.

"புளி எவ்வளவுக்கா போட்டீங்க?"

"எலுமிச்சம்பழ அளவு."

கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, அளந்து, எழுதிக்கொண்டார். "ஹண்டாவுக்கு என்ன நடந்தாலும் எழுதணும்லாக்கா."

"எம் பேரையும் எழுதிட்டீங்களா சார்?"

"அதுக்கு இதுல கட்டமே இல்லக்கா" என்று நோட்டை மூடினார்.

சாயங்காலம் எனக்குப் பாத்திரம் துடைத்துக் கொடுக்க வந்த கல்லூரிப் பிள்ளை, மராத்திப் பெண் ஒருத்தி சொன்னாள். எல்லாச் சீட்டும் இங்கிலீஷில்தானாம். அந்த ஒன்றை மட்டும் சார் தமிழில் எழுதினாராம், சமையல் அக்காவுக்காக. "அக்கா, தொட வேண்டாம்" என்று.

வண்டி கொங்கணுக்குப் புறப்பட்ட அன்று அவர் கரையில் நின்று டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். குண்டானைக் கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

பேத்தி ரேவதி அ, ஆ படித்தபோது நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினேன். இதை எழுத ஒரு மாதம் ஆயிற்று.

சீட்டு இருந்தது, சார். வாசிக்கத் தெரியாமல் நான்தான் அவிழ்த்தேன். எனக்கென்று ஒருத்தர் எழுதிய முதல் எழுத்து அது.

ரேவதி, இங்கே வா. இதை ஒரு தடவை வாசி. உன் தமிழ் தடுக்கினாலும் பரவாயில்லை, சாருக்கு எழுதின அந்தப் பாராவை மட்டும் சத்தமாக வாசி. எங்கே இருந்தாலும் அவருக்குக் கேட்கட்டும். தண்ணீரிலேயே கிடந்த மனிதர், அவருக்குக் காது மந்தம்.