ஊதினால் எழும் நெஞ்சு

1998-இல் ஆவடியில் மூச்சுக்கென்றே ஒரு சாமியார் வந்துவிட்டார். நெமிலிச்சேரி நாகேந்திர சுவாமி. தனியார் மருத்துவமனை ஒன்றில் தீவிர சிகிச்சை அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அவர் ஊதினால், உள்ளே செயற்கை சுவாச இயந்திரத்தில் கிடக்கும் நோயாளியின் நெஞ்சு விம்மி எழும். நாலு மணிப் பார்வை நேரத்துக்குப் பக்கத்துச் சேக்காடு ஊரே திரண்டது. நோயாளியைப் பார்க்க அல்ல, ஊதலைப் பார்க்க.

முன்வரிசையில் திருவேங்கடம். பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் அழுத்தக் குழாய்களைச் சோதிப்பவர். ஞாயிறுதோறும் கறுப்புச் சட்டையோடு தெருமுனையில் சாமியார்களைத் தோலுரிப்பவர். பெயரில் பெருமாள் இருப்பதற்கு அப்பாவைக் கேட்கலாம். சட்டைப்பையில் விபூதி இருந்ததற்கு யாரைக் கேட்பது?

உள்ளே கிடந்தது அவர் மனைவி புஷ்பா. நிமோனியாவில் நுரையீரல் புண்ணாகிவிட்டது. டாக்டர் இயந்திரத்தைச் சின்னச் சின்ன மூச்சாக வைத்திருந்தார். திருவேங்கடத்துக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. சாமி ஊதினார், நெஞ்சு எழுந்தது, நம்மவர் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பகுத்தறிவு அன்று விடுப்பில் இருந்தது.

மூன்றாம் நாள் பகல் வேலைக்கு வந்த நர்ஸ் ஜமீலா குறிப்பேட்டைப் புரட்டினாள். தினமும் நாலு மணிக்குப் பிறகு புஷ்பா மோசமாகியிருந்தாள். அந்த நேரத்தில் இயந்திரத்தை ஒட்டி நிற்பவர் வார்டு ஊழியர் பால்ராஜ். அன்று நாலு மணிக்கு ஜமீலா கண்ணாடிக்கு வெளியே நின்று கூப்பிட்டாள்.

"பால்ராஜ் அண்ணே, நீங்க வெளிய வாங்க. சாமி, இப்ப ஊதுங்க."

சாமி ஊதினார். நெஞ்சு அதே சின்ன மூச்சில் அசைந்தது. மறுபடி ஊதினார். கன்னம் வலித்ததுதான் மிச்சம்.

"இன்னா சாமி, காத்து பூட்ச்சா?" என்றது கூட்டம்.

பால்ராஜ் திருவேங்கடத்தின் முன் தலையைத் தொங்கப்போட்டார். "அவரு ஊதசொல்லோ நாந்தான் மெஷின் குமிழைத் திருப்பிக் காத்தைக் கூட்டுவேன், அண்ணாத்தே. அப்பால கொறச்சிடுவேன்."

"புண்ணான நுரையீரல் சார்," என்றாள் ஜமீலா. "பெரிய மூச்சைத் திணிச்சா கிழிஞ்சிரும். அதுக்குத்தான் டாக்டர் கொறச்சு வெச்சிருக்காரு."

திருவேங்கடம் கண்ணாடி வழியே புஷ்பாவைப் பார்த்தார். நைந்த குழாய்க்கு முழு அழுத்தம் கொடுக்காதே என்று தொழிற்சாலையில் தினமும் கத்துகிறவர் அவர்தான். பெண்டாட்டியின் நுரையீரலுக்கு மட்டும் அதை மறந்திருந்தார். வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

சாமியார் போலீஸ் வண்டி ஏறினார். மோதிரம் திரும்பி வந்தது. பத்தாம் நாள் வாயிலிருந்த குழாயை எடுத்து, நடந்ததைச் சொன்னதும் புஷ்பா கரகரத்த குரலில் முதலில் கேட்டது இதைத்தான்: "இதயும் மீட்டிங்ல பேசுவியாய்யா?"

பேசினார். அந்த ஞாயிறு தெருமுனையில் அவர் தோலுரித்தது தன்னைத்தான்.

"சட்ட கறுப்பா இருந்தா மட்டும் போதாது. அதுக்கு மேல ஒரு தல கீது. அழுவுற நேரத்துலயும் அதுக்கு வேல குடுங்க."