ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நான் சொன்னதாகச் சொல்லப்பட்டது

அனுப்புநர்:
சவுந்தரநாயகம்,
ஓய்வுபெற்ற டாலி கிளாக், துறைமுகம்,
மூன்றாம் மாடி, கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுநர்:
செய்தி ஆசிரியர் அவர்கள்,
கலங்கரை தொலைக்காட்சி,
கொள்ளுப்பிட்டி.

பெருமதிப்புக்குரிய ஐயா,

இறைவன் கிருபையால் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் எனக்குச் சுகம். அதுபோலவே தாங்களும், தங்கள் இல்லத்தாரும், செய்தி வாசிக்கும் பிள்ளைகளும், கூரையில் நிற்கும் அந்தப் பெரிய அன்ரெனாவும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். தங்கள் ஏழு மணிச் செய்தியைப் பத்து வருடமாக ஒருநாளும் தவறாமல் பார்த்து வருபவன் நான் என்பதையும், கரண்ட் போன நாட்களில் மட்டுந்தான் பார்க்கவில்லை என்பதையும், அது என் பிழை அல்ல என்பதையும் முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் டாலி கிளாக்காக இருந்தவன். அந்த வேலை தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கப்பலில் இருந்து மூட்டை இறங்க இறங்க எண்ண வேண்டும். நாலு மூட்டைக்கு நாலு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒரு கோடு. எண்ணுவது ஒருவர் அல்ல, இருவர். கப்பல் பக்கத்துக்கு ஒருவர், கரைப் பக்கத்துக்கு ஒருவர். வேலை முடிந்ததும் இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒத்து வந்தால் இருவரும் கையெழுத்து. ஒத்து வராவிட்டால் ஒருவரை ஒருவர் நல்லாய்த் திட்டிவிட்டுத் திரும்ப எண்ணுவோம். கரைப் பக்கம் நான், கப்பல் பக்கம் சூசைதாசன். பென்சன் எடுத்த பிறகும் எங்களை இந்தப் பழக்கம் விடவில்லை. நான் தங்கள் ஏழு மணிச் செய்தி பார்ப்பேன், அவன் தன் வீட்டில் மற்ற அலைவரிசையின் எட்டு மணிச் செய்தி பார்ப்பான். விடிய ஆறு மணிப் பூசை முடிந்து, ஸமீமின் தேத்தண்ணிக் கடையில் பிளேன்ரீ குடித்தபடி இரண்டையும் ஒத்துப் பார்ப்போம். தங்கள் செய்தியில் அமைச்சர் பாலம் திறந்திருப்பார், அவனுடைய செய்தியில் அதே பாலத்தில் வெடிப்பு விழுந்திருக்கும். தங்கள் கூட்டத்துக்கு ஐயாயிரம் பேர் வந்திருப்பார்கள், அதே கூட்டத்துக்கு அவனிடம் முன்னூறு பேரும் ஒரு நாயும். நாயைப் பற்றித் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் மனுசி மரியகொறற்றி கண்ணை மூடி இருபது மாதம். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு நான் வாய் திறந்து கதைப்பது அந்தப் பிளேன்ரீ நேரத்தில் மட்டுந்தான் என்பதைத் தயவுசெய்து கவனத்தில் கொள்ளவும்.

இனி விசயத்துக்கு வருகிறேன். கடந்த செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைச் சந்தையில் நான் ஒரு தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க, தங்கள் நிருபர் செல்வி டில்ஷானி மைக்கோடு வந்தா. அவவைக் கண்டதும் மற்ற அலைவரிசைக்காரனும் எங்கிருந்தோ ஓடிவந்து பக்கத்தில் தன் மைக்கை நீட்டினான். "அங்கிள், தேங்காய் விலை ஏறினது உங்களைப் பாதிச்சிருக்கா?" என்று பிள்ளை கேட்டா. ஒரு மனிசர் என்னிடம் ஒன்று கேட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றதைக் கண்டு எனக்கு வந்த சந்தோசத்தில் நான் நாலு நிமிசம் கதைத்துவிட்டேன். நான் சொன்னது இதுதான், எழுத்துப் பிசகாமல் எழுதுகிறேன்: "விலை கிடக்கட்டும் பிள்ளை. ஒரு ஆளுக்கு ஒரு தேங்காய் பெரிசு. பாதியைத் துருவினா மற்றப் பாதி பிரிட்ஜில கிடந்து மூண்டாம் நாள் வழுக்குது. மரியகொறற்றி இருந்திருந்தா எனக்கு ஒரு குறையும் இல்லை. அவ இல்லாம இப்பிடி எத்தினை நாளைக்குச் சீவிக்கிறது?" தங்கள் பிள்ளை மைக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, "சாப்பிட்டீங்களா அங்கிள்?" என்று கேட்டா. மிச்ச மூன்று நிமிசமும் அதற்குச் சொன்ன பதில்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒருத்தரையும் விடாமல் அறிவித்தேன். மெல்பேர்னில் இருக்கும் மகன் றொஹானுக்குச் செய்தி அனுப்பினேன், ஸமீமுக்குச் சொன்னேன், சூசைதாசனிடம் "மச்சான், இண்டைக்கு மட்டும் என்ர ஏழு மணியையும் பார்" என்று கெஞ்சினேன். ஏழு மணிக்குத் தாங்கள் "விலைவாசி: மக்கள் திருப்தி" என்று எழுதி, அதற்குக் கீழே என்னைப் போட்டீர்கள். தேங்காயும் கையுமாக நான், "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்கிறேன். அத்தோடு நான் முடிந்தேன், அமைச்சர் சிரித்தார். சரி, போகட்டும் என்றிருக்க, எட்டு மணிக்கு மற்ற அலைவரிசையில் "கொதிக்கிறது கொட்டாஞ்சேனை" என்று வந்தது. அதே சேர்ட், அதே தேங்காய். "இப்பிடி எத்தினை நாளைக்குச் சீவிக்கிறது?" என்கிறேன். பின்னுக்குப் பறை முழங்குது, தேங்காய் பிடிச்ச என்ர கையை மெல்ல மெல்ல அசைய விட்டு, நான் அதை ஆருக்கோ எறியப் போறமாதிரிக் காட்டினாங்கள். ஐயா, முப்பத்தொரு வருடத்தில் கப்பல் பக்கமும் கரைப் பக்கமும் சேர்ந்து ஒரே மூட்டையை எண்ணாமல் விட்டதை நான் கண்டதில்லை. மரியகொறற்றியை நீங்கள் இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள்.

அடுத்த நாள் பூசையில் சாமியார் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொன்னார். சூசைதாசன் முன் வாங்கில் இருந்தவர்களுக்குச் சொன்னான், பின் வாங்கில் இருந்தவர்களுக்குச் சொன்னான், அழுதுகொண்டிருந்த ஒரு கைக்குழந்தைக்கும் குனிந்து கைகொடுத்துச் சொன்னான். பக்கத்தில் கையை நீட்டியபடி நின்ற எனக்குச் சொல்லவில்லை. வாசலில் வைத்துக் கேட்டேன். "நீ ஏழு மணிக்கு ஆரின்ர ஆள், எட்டு மணிக்கு ஆரின்ர ஆள்? ரெண்டு தாளிலயும் நீயே கையெழுத்து வைச்சிட்டியேடா!" என்றான். "நான் நாலு நிமிசம் கதைச்சனான் மச்சான்" என்றேன். "அப்ப அந்த நாலு நிமிசத்தைக் காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனவன், ஐந்து நாளாய்ப் பிளேன்ரீக்கு வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஆளுங்கட்சிப் பெடியள் என் வீட்டுக்கு வந்து தலைவர் படம் போட்ட கலண்டர் ஒன்றைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனாங்கள். அவங்கள் படியிறங்க எதிர்க்கட்சிப் பெடியள் ஏறி வந்து, ஆர்ப்பாட்டத்துக்கு முன்வரிசையில் எனக்குக் கதிரை போட்டிருப்பதாகச் சொன்னாங்கள், சொல்லும்போதே கலண்டரைக் கண்டு முகம் கறுத்தாங்கள். ஸமீமோ, "ஐயா, நம்ம கடைக்கு ரெண்டு பக்கத்து ஆக்களும் வாறது. கொஞ்ச நாளைக்குப் பின் மேசையில இருங்களேன்" என்கிறான். பின் மேசைக்கு எதிரே சுவர்தான் ஐயா. மூன்று கிழமையாய்க் கதைக்காமல் இருந்த றொஹானும் கோல் எடுத்தான். போனில் தங்கள் செய்தியைப் பார்த்தானாம். "டடா, உங்களுக்கு ஒரு குறையும் இல்லையெண்டு கேட்டது சரியான சந்தோசம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். தங்கள் செய்தியை அப்படியே நம்புகிற ஒரு ஆளை நான் பெற்று வளர்த்திருக்கிறேன் என்பதில் தாங்கள் பெருமைப்படலாம்.

ஆகவே ஐயா, நான் மன்னிப்புக் கேட்கவில்லை, நட்டஈடு கேட்கவில்லை. அந்த நாலு நிமிசத்தையும் வெட்டாமல், கொத்தாமல், அமைச்சரைக் கிட்ட விடாமல், காலநிலைச் செய்திக்கு முன்னம் ஒருமுறை போட்டுவிடுங்கள். சூசைதாசன் பார்க்க வேண்டும். எனக்கு வேறு தாள் இல்லை. அவன் வராட்டி விடியப் பூசை முடிஞ்சு நான் ஆரோட கதைக்கிறது? அறிவிப்பாளர் பிள்ளை "வணக்கம் நேயர்களே" எண்டு சொல்லேக்க நானும் வணக்கம் சொல்லிப் பாக்கிறன். அவ அடுத்த செய்திக்குப் போயிடுறா.

தங்களுக்கும், தங்கள் கட்சிக்கும் (மன்னிக்கவும், தங்கள் ஆசிரியர் பீடத்துக்கும்) மடு மாதா என்றும் துணையிருப்பாராக. செல்வி டில்ஷானிக்கு என் அன்பைச் சொல்லி, அங்கிள் சாப்பிட்டார் என்றும் அறிவிக்கவும்.

இப்படிக்கு,
வெட்டப்படாத
சவுந்தரநாயகம்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு முத்திரையும் ஒட்டிய பிறகு, ஏழு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கையில் கதவு தட்டுப்பட்டது. சூசைதாசன். உள்ளே வந்து கலண்டரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. "டீவியைப் போடு. இண்டைக்கு உன்ர ஆக்கள் என்ன பொய் சொல்லினம் எண்டு என்ர கண்ணால பாக்கோணும்" என்றான். ஏழு மணிக்கு அவன் கத்தினான், எட்டு மணிக்கு நான் கத்தினேன். டீவியில் காட்டிய கூட்டத்தில் ஆக்களை எண்ணுகிறேன் என்று இந்த உறையின் பின்பக்கத்தில் கோடு கோடாய்க் கீறிவிட்டான், அதைப் பொருட்படுத்த வேண்டாம். இடையில் பசிக்குது என்றான், இடியப்பம் வாங்கி, தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தேன். போகும்போது, "உன்னை நம்பேலாது, நாளைக்கும் வருவன்" என்றுவிட்டுப் போனான்.

ஆகையால் மேலே எழுதிய எதையும் தயவுசெய்து செய்துவிட வேண்டாம். அந்த நாலு நிமிசத்தைப் பார்த்தால் அவனுக்கு என்மேல் பாவம் வந்துவிடும். பாவம் பார்த்து வாறவன் அரை மணித்தியாலத்தில் எழும்பிப் போவான். சண்டைக்கு வந்தவன் இரண்டு செய்தியும் பார்த்துவிட்டுத்தான் போனான். நாளைக்கும் ஏழு மணிக்கு, வழமைபோல, ஒரு பக்கமாய்ச் சாய்ந்தே வாசியுங்கள். இன்றைக்கு முழுத் தேங்காயும் முடிந்துவிட்டது ஐயா.