ஸ்ரீஸ்கந்தராசா சுட்ட துவக்கு

"கட்! ஏன் அங்கிள் விழுந்தனீங்கள்?"

கனடாவின் ரூஜ் காட்டுக்குள் ஸ்ரீஸ்கந்தராசா குப்புறக் கிடந்தார். தொப்பி ஒரு பக்கம், துவக்கு ஒரு பக்கம். வேட்டைக்காரக் கிழவன் வேசத்துக்காக ஒட்டிய தாடி பாதி கழன்று மேப்பிள் சருகோடு ஒட்டிக்கொண்டது.

"கால் வழுக்கிப்போச்சு தம்பி."

இயக்குநர் பிரவீனன் நம்பினான். இங்கேயே, வெக்ஸ்போர்ட்டில் பிறந்த பிள்ளை; பெரியவர்கள் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான். 'ஊரில துவக்குப் பிடிச்சிருக்கிறீங்களோ?' என்று கேட்டபோது ஸ்ரீஸ்கந்தராசா கூசாமல் தலையாட்டியதையும் இப்படித்தான் நம்பினான்.

பொய். சுத்தப் பொய். துவக்கு வருகிற பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர் அவர். ஆனால், கனடாவுக்கு வந்து காலமெல்லாம் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியவருக்கு முதல் முறையாக ஒரு படத்தில் பெயர் வரப்போகிறது. அந்த நேரத்தில் யார்தான் உண்மையைச் சொல்வார்? மனைவி கமலாம்பிகை சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் அடித்துச் சொல்லியாகிவிட்டது. இப்போது சாப்பாட்டுப் பெட்டியும் மடக்குக் கதிரையுமாக ஆளே வந்து குந்தியிருக்கிறாள்.

படங்களுக்கு ஆயுதம் வாடகைக்குக் கொடுக்கும் மரியோ, துவக்கை எடுத்துப் பிள்ளையைத் துடைப்பதுபோலத் துடைத்தார். நூறு வருடம் தாண்டிய வேட்டைத் துவக்கு அது. ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுக்கத் தேவையில்லை. விசையை அழுத்த அழுத்தத் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். அந்த வகையில் முதன்முதலாக வந்தவற்றில் ஒன்று. வங்கிக் கொள்ளைக்காரன், ஷெரீப், கரடி வேட்டைக்காரன் என்று எத்தனையோ பேரின் கையில் அது திரையில் வந்திருக்கிறது. ஒருவரும் அதைக் கீழே போட்டதில்லை என்று மரியோ வருத்தத்தோடு சொன்னார். காலையில் அதைப்பற்றி விளக்க வந்த அதே மரியோவை, "நோ நீட், ஐ நோ!" என்று துரத்திவிட்டவர் ஸ்ரீஸ்கந்தராசாதான்.

"அக்சன்!"

விசையை அழுத்தினார். படார்! அடுத்த கணம் வயிறு மண்ணில் கிடந்தது.

"இஞ்சாருங்கோ, ஆரைக் கண்டு இப்பிடி விழுந்து கும்பிடுறியள்?" என்றாள் கமலாம்பிகை.

"வேர் தடக்கினது!"

"நிண்ட இடத்தில வேர் எப்பிடியப்பா தடக்கும்?"

அவர் காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்தார். அதனால் 'அக்சன்' கேட்கவில்லை. பிரவீனன் கையைக் காலை ஆட்டிக் காட்டியபிறகுதான் சுட்டார். படார்! பஞ்சையும் மீறி, முன்னதைவிடப் பக்கத்தில் கேட்டது. இந்த முறை விழும்போது கமராவின் காலையும் இழுத்துக்கொண்டு விழுந்தார்.

பிறகு மரியோவிடம் தடித்த காதுமூடியை இரந்து வாங்கித் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டார். 'இது எதற்கு?' என்பதுபோலப் பார்த்தபடியே மரியோ கொடுத்தார். படார்! ஐயோ, தலைக்குள்ளேயே வெடித்ததுபோல இருந்தது. எழும்பியபோது தாடி முழுதாகப் போய்விட்டது.

பிரவீனன் பக்கத்தில் வந்து குந்தினான். "லைட் போகுது அங்கிள். ஒன் மோர் டைம். சரிவராட்டி மரியோவுக்குத்தான் தாடியை ஒட்டவேணும். சொறி."

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு அழுகை வந்தது. கமலாம்பிகை இப்போது ஒரு பகிடியும் விடவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் சண்டைக் காலத்தில் எத்தனையோ தரம் அவருக்குப் பக்கத்தில் அப்படியே குப்புறக் கிடந்தவள் அவள்.

மரத்துக்குப் பின்னால் கஜனி இருந்தாள். ஹெட்ஃபோனும் மைக்குமாகப் படத்துக்குச் சத்தம் பதிவு செய்கிற பெட்டை. ஸ்ரீஸ்கந்தராசா மெல்ல அவளிடம் போனார்.

"பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. நான் துவக்குப் பிடிச்ச ஆளில்லை, துவக்குக்குப் பயந்து ஓடின ஆள். வெடி கேட்டால் என்ர உடம்பு என்னைக் கேக்காமலே விழுந்து படுக்குது. ஒரேயொருக்கா, உந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வைக்க ஏலாதோ?"

கஜனி ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"என்ன சத்தம் அங்கிள்? துவக்குக்குள்ள ஒண்டுமே போடேல்லை. வெடியைப் பிறகு ஸ்டுடியோவிலதான் சேர்ப்பம்."